பாக்கெட் குக்கீஸும் கிரனோலா பாரும்: மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி, கடையில் கிடைக்கும் குக்கீஸையும் கிரனோலா பார்களையும் (பாகு சேர்த்துப் பிடித்த தானியக் கட்டிகள்) சுவைத்து மதிப்பெண் இடுவது வழக்கம். சேலத்தில் சிறு கடை வைத்திருப்பவர்களும், விடுதிகளுக்குத் தின்பண்டம் வாங்கித் தருபவர்களும், சிறுதானிய பிஸ்கட் தொழில் தொடங்க எண்ணுபவர்களும் வருகிறார்கள். சென்ற முறை புதிதாக வந்த இளைஞர் ஒருவர் தம் தாளில், “முதல் பாரில் சர்க்கரை 6 கிராம், இரண்டாவதில் 9 கிராம், ஆகவே குழந்தைகளுக்கு முதலாவதே ஏற்றது” என்று எழுதியிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஏறக்குறைய இதே வரியை எழுதி, அதற்காகக் கைக்காசு இழந்தவன் என்பதால், அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

காலாவதித் தேதியைப் பார்ப்பது, உறையின் முகப்பில் உள்ள பழப் படத்தை நம்பாமல் இருப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வருவது

வராதீர்கள், அந்தச் சேலத்துத் தின்பண்டத்தின் காரம் நாக்கில் நிற்கும். காபியும் ஒரு மணி நேரம் முன்போடு நிற்கட்டும்.

‘ஒரு சர்விங்’ என்பதை அளவுகோலாக எடுத்துக்கொள்வது

மேலே சொன்ன இளைஞரின் கணக்குக்கே வருகிறேன். முதல் பாரின் எடை 20 கிராம், இரண்டாவதின் எடை 40 கிராம். நூறு கிராமுக்கு மாற்றினால் முதலாவதில் 30 கிராம் சர்க்கரையும், இரண்டாவதில் 22.5 கிராமும் இருக்கின்றன. அதாவது, அவர் குறைவு என்று எழுதியதுதான் இரண்டிலும் இனிப்பு மிகுந்தது. ஒரு சர்விங், அதாவது ஒரு முறை உண்பதற்கென்று உறையில் குறிக்கும் அளவு (இங்கே ஒரு பார்), எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவர் பொருளைத் தயாரிப்பவர். பாரைச் சிறிதாக்கினாலே எல்லா எண்களும் சிறிதாகிவிடும். இதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. பொய்யாக இருந்தால் புகார் செய்யலாம். சரியான எண்ணைத் தவறான இடத்தில் படித்தவன் யார் மேல் புகார் செய்வது?

என் கதை இது. ஏற்காட்டில் 48 பிள்ளைகள் தங்கியிருந்த ஒரு விடுதிக்கு மாலைத் தின்பண்டம் தேர்ந்தெடுத்துத் தரும் வேலை எனக்குக் கிடைத்தது. 12 ரூபாய் விலையுள்ள 20 கிராம் பாரும், 20 ரூபாய் விலையுள்ள 40 கிராம் பாரும் இறுதிவரை போட்டியில் நின்றன. சிறிய பாரில் 86 கலோரி என்றிருந்த எண்ணும், சர்க்கரையின் சிறிய எண்ணும், விலையும் கண்ணைக் கவர, ஆளுக்கு நாளொன்று வீதம் மாதத்துக்கு 1,440 பார்களை வாங்கச் சொன்னேன். மலைக்குளிரில் பள்ளி முடிந்து வரும் பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு விரல் அகலப் பார் ஒன்று எந்த மூலைக்குக் காணும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகள் இரண்டிரண்டாகத் தின்றார்கள். பதினைந்து நாளில் பெட்டிகள் காலி. மறுபாதி மாதத்துக்கும் அதையே வாங்கியபோது மொத்தச் செலவு 34,560 ரூபாய் ஆயிற்று. பெரிய பாரை வாங்கியிருந்தால் 28,800 ரூபாயில் முடிந்திருக்கும். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 12 கிராமுக்குப் பதிலாக 9 கிராம் சர்க்கரையே போயிருக்கும். கூடுதலான 5,760 ரூபாயில் பாதியை என் கூலியில் கழித்துக்கொண்டார்கள். அதை நான் மறுக்கவும் இல்லை.

அதன் பிறகு இரண்டு கணக்குகளைத் தனித்தனியாகப் போடப் பழகினேன். பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட நூறு கிராம் கணக்கு. உண்பவருக்கு ஏற்றதா என்று பார்க்க, அவர் உண்மையில் எத்தனை தின்பார் என்ற கணக்கு. இரண்டாவதற்கு ஒரு பிஸ்கட்டின் எடை தெரிய வேண்டும். சமையலறைத் தராசு துல்லியமாகக் காட்டாதபோது, பக்கத்துத் தெருவிலுள்ள கொலுசுப் பட்டறையின் வெள்ளித் தராசில் பிஸ்கட்டை நிறுத்தது உண்டு. பட்டறைக்காரர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார். ஒரு பிஸ்கட் 8.5 கிராம், நூறு கிராமுக்குச் சர்க்கரை 24 கிராம் என்றால், ஒன்றில் ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். டீயோடு ஐந்து பிஸ்கட் தின்பவருக்கு அது 10 கிராம். பிள்ளைகள் கிராமில் தின்பதில்லை, எண்ணிக்கையில்தான் தின்கிறார்கள்.

ஒரு சர்விங் ஒரு நாளைய அளவில் எவ்வளவு பங்கு என்று அச்சிடப்படும் சதவீதத்திலும் இதே குழி இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, அந்தச் சதவீதம் நாளுக்கு 2,000 கலோரி, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 2,000 மில்லிகிராம் சோடியம் என்ற அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. அது பெரியவருக்கான கணக்கு. யூ.கே.ஜி. பிள்ளையின் டப்பாவில் வைக்கும் பிஸ்கட்டுக்கு அதை அப்படியே படிக்கலாகாது.

சுவைப் பரிசோதனையிலும் இந்தத் தவறு வேறு உருவத்தில் வருகிறது. நகத்தளவு துண்டை நாக்கில் வைத்து ஒன்பதுக்கு எட்டு மதிப்பெண் இடுகிறார்கள். அந்த அளவில் வெனிலா வாசனையும் இனிப்பும் முந்திக்கொண்டு நிற்பதால், இனிப்பு மிகுந்ததே எப்போதும் வெல்லும். முழுப் பாரையும் தின்று முடிக்கும்போதுதான் திகட்டலும், பல்லில் ஒட்டும் பாகும், பாமாயிலின் கெட்டிப் பகுதி வாயின் சூட்டில் முழுதும் உருகாமல் அண்ணத்தில் படிந்து மெழுகு போல் நிற்பதும் தெரியவரும். எங்கள் மாடியில் முதல் கடிக்கு ஒரு மதிப்பெண்ணும், முழுதும் தின்ற பிறகு ஒரு மதிப்பெண்ணும் இட வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி மூன்றைத் தாண்டினால் அந்தப் பொருளைப் பரிந்துரைப்பதில்லை.

காறலைச் சிறுதானியத்தின் குணம் என்று எழுதுவது

2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பிறகு, கம்பு குக்கீஸ் வராத மேசை இல்லை. அவற்றுள் சில தொண்டையில் காறும். புதியவர்கள் அதை “இயற்கையான கசப்பு” என்று எழுதி, ஒரு மதிப்பெண் கூட்டியும் விடுகிறார்கள். கம்பில் கொழுப்பு சற்று அதிகம். அரைத்தவுடன் தானியத்திலுள்ள நொதிகள் அந்தக் கொழுப்பைப் பிரிக்கத் தொடங்குவதால், நாட்பட்ட கம்பு மாவு கசக்கிறது. தானியத்தைச் சூடுபடுத்திய பின் அரைத்தால் இது வெகுவாகக் குறையும். ஆகவே அந்தக் கசப்பு பழைய மாவின் அடையாளமே தவிர, கம்பின் அடையாளம் அன்று. பாரிலுள்ள நிலக்கடலை, ஆளிவிதை ஆகியவற்றின் காறல் காற்றுப் பட்டு எண்ணெய் கெட்டதால் வருவது. சேர்வராயன் மலையில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் உண்டு வளர்ந்த பெண்மணி ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தபோது, உறையைப் பிரித்து முகர்ந்தவுடனேயே “இது பழசு” என்று தள்ளி வைத்துவிட்டார்.

சர்க்கரை வரியோடு நிறுத்திக்கொள்வது

கிரனோலா பார் என்பது, பாகு கொண்டு பிடித்த தானியம். கடலை மிட்டாயின் தூரத்து உறவு என்று சொன்னால் தவறில்லை. ஒட்டவைக்கப் பாகோ அதற்கு ஈடான ஒன்றோ இல்லாமல் அது நிற்காது. எனவே ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று உறை சொன்னால், எதைக் கொண்டு ஒட்டினார்கள் என்று கேட்க வேண்டும். பேரீச்சம்பழ விழுதாக இருந்தால் மொத்தச் சர்க்கரை வரியில் அது தெரிந்துவிடும். மால்டோடெக்ஸ்ட்ரினாக இருந்தால் தெரியாது. மரவள்ளியும் ஜவ்வரிசியும் நம் ஊருக்குப் புதியவை அல்ல. அத்தகைய மாவுச்சத்தை நொதி கொண்டு ஓரளவு உடைத்தால் கிடைப்பது மால்டோடெக்ஸ்ட்ரின், இன்னும் உடைத்தால் லிக்விட் குளுக்கோஸ். சர்க்கரை வரியில் ஒற்றை, இரட்டைச் சர்க்கரைகள் மட்டுமே சேரும் என்பதால், மால்டோடெக்ஸ்ட்ரின் கார்போஹைட்ரேட் வரியோடு நின்றுவிடுகிறது. ஆனால் ரத்தச் சர்க்கரையை அது ஏறக்குறைய குளுக்கோஸைப் போலவே விரைவில் ஏற்றும். மால்டிடால் என்ற மாற்று இனிப்பு இருந்தால் வேறு சங்கடம்: அளவு மிஞ்சினால் வயிறு இளகும்.

‘மல்டிகிரெயின்’

எத்தனை தானியம் என்று எண்ணாதீர்கள். உட்பொருள் பட்டியலில் முதலில் நிற்பது மைதாவா என்று பாருங்கள், ஏனெனில் அந்தப் பட்டியல் எடை வரிசையில் எழுதப்படுவது.

மலையில் சுவைத்துவிட்டுக் கீழே தீர்ப்பு எழுதுவது

நல்ல பிஸ்கட்டில் ஈரப்பதம் சில சதவீதம்தான் இருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை அது விரைவில் உறிஞ்சிக்கொள்ளும். ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கிய மாலையில் திறந்து வைத்த குக்கீஸ் இரவுக்குள் நமத்துவிடும். அதே பொருள் சேலத்துச் சித்திரை வெயிலில் மறுநாளும் மொறுமொறுப்பாக இருக்கும். ஒப்பிடும் பொருள்கள் அனைத்தையும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் பிரிக்க வேண்டும். கீழே சேலத்தில் வாங்கிய பாக்கெட் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே வந்ததும் பலூன் போல் உப்பி நிற்பதைக் கண்டு, கெட்டுப்போய்விட்டது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். மேலே காற்றழுத்தம் குறைவதால் உறைக்குள் இருக்கும் காற்று விரிந்ததே அதற்குக் காரணம்; கீழே இறங்கினால் தானாக அமிழ்ந்துவிடும். கீழே இருக்கும்போதே உப்பியிருக்கும் பாரைத்தான் பிரிக்காமல் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.