ஜெபம் வராத நாட்களில் என்ன செய்வது?

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் "விசுவாசமா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எப்படி இருப்பது என்று யாரும் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் பெண்கள் எனக்குக் காட்டிக்கொடுத்ததை எழுதுகிறேன்.

முதலில், கடவுளிடம் நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று நினைக்காதீர்கள். வேதாகமத்தில் சங்கீதம் 13-ஐத் திறவுங்கள். ஆறே வசனம்தான். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்டுவிடுகிறார் தாவீது. அதை வாய்விட்டு வாசியுங்கள். "சத்துரு" என்று வரும் இடத்தில் உங்கள் பாரத்தைச் சொல்லுங்கள்: கடன், கேன்சர், எதுவானாலும். நான் "இந்தக் காலிக் கட்டில்" என்று சொல்வேன். கடைசி வசனத்தில் தாவீது பாடுகிறார். அதுவரை போக முடியவில்லையா, இரண்டாம் வசனத்தோடு மூடிவிடுங்கள். அதுவும் ஜெபம்தான். 88-ஆம் சங்கீதத்தில் கடைசி வரி வரைக்கும் ஆறுதலே கிடையாது, ஆனாலும் அது வேதாகமத்தில் இருக்கிறது.

பீரோ கதவில் ஒட்டிய புதுவருஷ வாக்குத்தத்த அட்டை கண்ணை உறுத்தினால் கழற்றி உள்ளே வையுங்கள். எங்கள் வீட்டு அட்டையில் அந்த வருஷம் நீடித்த நாட்களைப் பற்றிய வசனம். அதைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சேலை எடுப்பது?

அப்புறம், சாப்பிடுங்கள், தூங்குங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது தூதன் வந்து புத்தி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து எழுப்பினான். எங்கள் ஐயரம்மா (சபைப் போதகரின் மனைவி) தூக்குவாளியில் ரசம் சோறு கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு வசனமும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் கர்த்தர் என்னை விட்டுவிடவில்லை என்று எனக்குப் பட்டது.

"உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்கிறவர்களுக்கு மாற்கு 2-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை. அதனால் நம்பிக்கையான இரண்டு பேரிடம் "எனக்கு ஜெபிக்க வரல, நீங்க ஜெபிங்க" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கோயிலுக்குப் போனால் பாட வேண்டும் என்றில்லை. கடைசி பெஞ்சில் உட்காருங்கள், மற்றவர்கள் பாடட்டும்.

உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அழக்கூடாது என்பார்கள். மகதலேனா மரியாள் கல்லறைக்குப் போனது இருட்டோடே, அழுதுகொண்டே நின்றாள். இயேசு எதிரில் நின்றும் தோட்டக்காரர் என்றே நினைத்தாள். அவர் கோபப்படவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு இருக்கிற நம்பிக்கை இதுதான்.

வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால், உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால், ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். கூட வர ஆள் வேண்டுமென்றால், உங்களுக்காக ஜெபிக்கிற அந்த இரண்டு பேரில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.