சீனப் புத்தாண்டு லீவு: குவாங்சோவுக்குப் பாடம் நடத்த வந்திருப்பவர்களுக்கு

வகுப்பு, வாடகை வீடு, வங்கிக் கணக்கு என்று அலைந்து முடிப்பதற்குள் டிசம்பர் வந்துவிடும். அப்போது ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பிப்பார்கள்: "புத்தாண்டுக்கு ஊருக்குப் போறீங்களா?" நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் அந்த நாட்களில் ஊரே காலியாகிவிடும். இங்கே கடை வைத்திருப்பவர்கள், டெலிவரி பையன்கள் எல்லாம் பெரும்பாலும் ஹூனான், சிச்சுவான் மாதிரி வேறு மாகாணத்துக்காரர்கள். எங்கள் குடியிருப்புக்குக் கீழே நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, சிவப்புத் தாளில் 'எட்டாம் நாள் திறப்போம்' என்று கையால் எழுதி ஒட்டிவிட்டுப் போவார். புத்தாண்டு பிறந்து எட்டாம் நாள் என்று அர்த்தம். அதுவரை அந்தத் தெருவில் தனியாக இருந்து பார்த்தவள் நான், அதனால்தான் சொல்கிறேன், முடிந்தால் வெளிநாடு போய்விட்டு வாருங்கள்.

நான் வந்து இறங்கியது 2024 டிசம்பர் கடைசியில். மெடிக்கல், வேலை அனுமதி எல்லாம் முடிந்து ரெசிடென்ஸ் பர்மிட்டுக்காக (இங்கே தங்கியிருப்பதற்கான அனுமதி) என் பாஸ்போர்ட்டைக் கொடுத்தபோது புத்தாண்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீது தருவார்கள். அதை வைத்து உள்நாட்டு ரயிலில் போகலாம், ஓட்டலில் தங்கலாம், ஆனால் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. பர்மிட் கைக்கு வர 15 வேலை நாள் வரை ஆகலாம் என்றார்கள். வேலை நாள் என்பதுதான் விஷயம், நடுவில் வந்த எட்டு நாள் பண்டிகை லீவு அந்தக் கணக்கிலேயே வராது. அம்மா திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வர டிக்கெட் போட்டிருந்தார், நான் இங்கிருந்து போய் அவரோடு பத்து நாள் இருப்பதாகத் திட்டம். இரண்டு டிக்கெட்டும் வீண். பணம் போனதைவிட, அம்மா கட்டி வைத்த பெட்டியைத் திரும்பப் பிரித்ததாகப் போனில் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் முதலில் பர்மிட். இஸட் விசாவில், அதாவது வேலை விசாவில், வந்தவர்கள் 30 நாளுக்குள் விண்ணப்பித்தே ஆக வேண்டும், அந்த விசா பெரும்பாலும் ஒரே ஒரு முறை உள்ளே வருவதற்குத்தான். பர்மிட் கைக்கு வராமல் வெளியே போனால் திரும்ப வர புது விசா எடுக்க வேண்டியிருக்கும். பர்மிட் வந்துவிட்டால் காலாவதி ஆகும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். பிப்ரவரி, மார்ச்சில் முடிகிற பர்மிட் என்றால் நவம்பரிலேயே எச்.ஆரிடம் பேசுங்கள்.

அப்புறம் லீவு எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு மாதத்துக்கு மேலேயே கிடைக்கும், பள்ளியில் மூன்று நான்கு வாரம். டியூஷன் சென்டரில் சேர்ந்தவர்களுக்கு அரசு லீவு மட்டும்தான், பிள்ளைகளுக்கு லீவு விட்டால்தான் சென்டரில் கூட்டமே. 2027இல் புத்தாண்டு பிப்ரவரி 6, அதையொட்டிய நாட்களில் விமான டிக்கெட் விலை கண்ணைக் கட்டும். லீவு விட்டதும் முதல் வாரத்திலேயே கிளம்பிவிடுங்கள்.

எங்கே போவது என்றால் நான் கோலாலம்பூர்தான் சொல்வேன். குவாங்சோவிலிருந்து நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, சென்னை, திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் உண்டு, வீட்டு ஆட்களைப் பாதி வழியில் பார்த்துவிடலாம். தைப்பூசமும் இந்த லீவை ஒட்டித்தான் வரும். 2026இல் பிப்ரவரி 1 அன்று அம்மாவோடு பத்துமலை போனேன். 42.7 மீட்டர் முருகன் சிலைக்குப் பக்கத்தில் 272 படி. அம்மா ஒவ்வொரு படியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார், எங்கள் முன்னே ஒருவர் காவடியோடு நின்று நின்று போய்க்கொண்டிருந்தார்.

விசா விஷயம் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 30 நாள் விசா விலக்கை 2026 டிசம்பர் 31 வரை அறிவித்திருக்கிறது, அதற்குப் பிந்திய பயணம் என்றால் டிக்கெட் போடும் முன் தூதரக அறிவிப்பைப் பாருங்கள். இலங்கை பாஸ்போர்ட் என்றால் மலேசியாவுக்கு இ-விசா வேண்டும், சிங்கப்பூருக்கு வேண்டாம். இந்தியர்களுக்கு சிங்கப்பூர் விசா கட்டாயம். குவாங்சோ தெற்கு நிலையத்திலிருந்து ஒரு மணி நேர ரயில்தானே என்று ஹாங்காங்குக்குச் சும்மா கிளம்பிவிடாதீர்கள், இந்தியர்கள் முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்திருக்க வேண்டும், இலங்கையர்களுக்கு விசாவே தேவை.

திரும்பி வந்ததும் போலீஸ் பதிவை (எங்கே தங்கியிருக்கிறோம் என்று போலீஸில் பதிவது) புதுப்பிக்க வேண்டுமா என்று அன்றைக்கே எச்.ஆரிடம் கேளுங்கள். கிளம்பும் முன் அரிசி, பருப்பு, வெங்காயம் வாங்கி வைத்துவிடுங்கள். எட்டாம் நாளுக்கு முன்னால் வந்து சேர்ந்தால் கீழே ஷட்டர் இன்னும் மூடித்தான் இருக்கும்.