விருந்துக்கு டோல் வைன் வாங்கப் போகிறீர்களா? பெயரை முழுதாகப் படியுங்கள்

சுவிஸுக்கு வந்து 14 நாட்களுக்குள் குடியிருப்புப் பதிவு, 3 மாதங்களுக்குள் மருத்துவக் காப்புறுதி. இவற்றைச் சொல்லித் தர ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். வேலையிடத்தில் பழகிய சுவிஸ்காரர் வீட்டுக்கு அழைத்தால் எந்தப் போத்தலோடு போவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டோல் என்பது சுவிஸின் வலே மாநிலத்துச் சிவப்பு வைன். ரோன் ஆற்றின் இருபுறமும் ஏறும் மலைச்சரிவுகளில் விளையும் பினோ நுவார், கமே என்ற இரண்டு திராட்சைகளே அதில் முக்கியம். பெரும்பாலும் பினோவின் பங்குதான் கூட. துவர்ப்புக் குறைவு, பழவாசனை அதிகம். புதிதாகக் குடிப்பவரையும் அது மிரட்டாது. மிக்ரோ பேரங்காடியில் தேடி அலையாதீர்கள், அங்கே மது விற்பதில்லை, கோப் (Coop) என்ற பேரங்காடியில் இருக்கும். வாங்க 16 வயது போதும், திச்சினோவில் மட்டும் 18.

இனி நான் ஏமாந்த கதை. நான் கோப்பை கழுவத் தொடங்கிய உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் வலே மாநிலத்தவர். இரவு அடுப்பை அணைத்த பிறகு, காற்றில் உலர்த்திய மாட்டிறைச்சியைக் கண்ணாடிபோல மெல்லியதாகச் சீவி, ரை (rye) தானிய ரொட்டியோடு வைத்து, ஒரு டெசி (நூறு மில்லிலீற்றர்) டோல் ஊற்றித் தருவார். 'முதலில் முகர்ந்து பார்' என்பார். கழுவித் துடைத்த கைகளோடு அங்கே நின்றுதான் நான் வைனைக் கற்றேன். அதில் எனக்கு இன்றும் பெருமை.

அவர் ஓய்வுபெற்று விருந்துக்கு அழைத்தபோது, கடையில் மூடிய பெட்டியாக ஆறு போத்தல் வாங்கினேன். தொண்ணூறு பிராங். 'டோல்தானே?' என்று கேட்டேன், ஆமென்றார்கள். எல்லோர் முன்னிலையிலும் 'உங்கள் மண்ணின் சிவப்பு வைன்' என்று சொல்லிக் கொடுத்தேன். ஊற்றினால் வெளிறிய இளஞ்சிவப்பு! பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் 'பிளான்ஷ்'. அதே சிவப்புத் திராட்சையைத் தோலோடு ஊறவிடாமல் உடனே பிழிந்து செய்வது டோல் பிளான்ஷ். மீனுக்கும், விருந்துக்கு முன் கொறிக்கும் பண்டங்களுக்கும் குளிரக் குளிரக் கொடுக்க நல்ல வைன்தான். ஆனால் அன்று மேசையில் இருந்தது வாட்டிய இறைச்சி. 'இதுவும் எங்களுடையதுதான்' என்று சொல்லிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார் அந்த நல்ல மனிதர். கழிவு விலையில் விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடைக்காரர் சொன்னதை நினைத்தால் இன்றும் எரிகிறது. வாங்கும்போதே பெட்டியைத் திறந்து ஒரு போத்தலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள்.

சிவப்பு டோலுக்கு உலர்த்திய இறைச்சி, மலைப் பாலாடைக்கட்டி, வாட்டிய கோழி, காளான் எல்லாம் பொருந்தும். ராக்லெட் என்றால் பெரும்பாலும் பொந்தான் என்ற வெள்ளை வைனைத்தான் எடுப்பார்கள். டோலைப் பரிமாறும்போது 14 முதல் 16 பாகை இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் அந்த அளவுக்கு வரும்வரை வெளியே வையுங்கள். எல்லோருக்கும் ஊற்றும்வரை காத்திருந்து, ஒவ்வொருவரையும் கண்ணில் பார்த்துக் கிளாஸைத் தட்டுங்கள். குடிக்காதவர் ஆப்பிள் சாறு கேட்கலாம், யாரும் குறையாக எடுப்பதில்லை. கார் ஓட்டுபவரின் இரத்தத்தில் மதுவுக்கு எல்லை 0.5 புரோமில் (ஆயிரத்தில் 0.5 பங்கு), தற்காலிக உரிமம் வைத்திருப்பவருக்கு வெறும் 0.1. ஆகவே ரயிலில் போங்கள்.

நம் வீட்டுக்கு அவர்களை அழைத்தால் கட்லட்டும் ரோல்ஸும் டோலுக்கு நன்றாகச் சேரும். வறுத்த மிளகாய்த்தூள் போட்ட ஆட்டுக்கறி சேராது. உறைப்பும் மதுவும் சேர்ந்தால் நாக்கில் எரிவு மட்டுமே மிஞ்சும். போன மார்கழியில் அதே சமையல்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தூளை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, பெருஞ்சீரகமும் தேங்காய்ப்பாலும் கூட்டி ஆட்டுக்கறி வைத்தேன். அம்மா யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் வைக்கும் கறியின் மணம் அதில் இல்லை. ஆனால் அன்று கிளாஸில் இருந்தது சிவப்பு டோல், அவர் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார்.