டெக்கன் 8: காம்போ அப்புறம், முதலில் பனிஷ் பழகுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் முன்பு ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அரை மணி நேரத்துக்கு ஐந்து ரூபாய். டெக்கன் 3 என்ற, இருவர் மோதும் சண்டை விளையாட்டில் எடி என்ற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இரண்டு உதை பட்டனையும் மாற்றி மாற்றித் தட்டினால் போதும், வரிசையில் நிற்கும் பாதிப் பேரைச் சாய்த்துவிடலாம். அந்தத் தைரியத்தில்தான் 2024 ஜனவரி 26 அன்று டெக்கன் 8 வந்ததும் நேராக ஆன்லைன் ரேங்கில் இறங்கினேன். முதல் வாரம் முழுக்க அடி. சரி, காம்போ, அதாவது ஓர் அடி விழுந்ததும் விடாமல் தொடர்ந்து போடும் அடிகள், தெரியாததுதான் காரணம் என்று நினைத்து வீடியோக்களைப் பார்த்து இரண்டு மாதம் காம்போவாகவே பழகினேன். ட்ரெய்னிங்கில் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஆனால் காம்போவைத் தொடங்க முதல் அடி விழ வேண்டுமே, மேட்சில் அது விழவே இல்லை. நான்கு மாதம் 'வாரியர்' ரேங்கிலேயே கிடந்தேன்.

அங்கிருந்து நான் ஏறியது பனிஷ் பழகிய பிறகுதான். எதிராளி ஓர் அடியை வீசுகிறான், அதை நீங்கள் பிளாக் செய்கிறீர்கள், அவன் கை திரும்புவதற்குள் உங்கள் அடி அவன் மேல் விழுகிறது. இதை எப்படிப் பழகினேன் என்று வரிசையாக எழுதுகிறேன். மெனு எங்கே, பட்டனை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் விளையாட்டைத் திறந்தாலே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் டிவியைப் பாருங்கள்

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இதனால்தான் எனக்கு மூன்று மாதம் வீணானது. ஹாலில் இருக்கும் டிவியில்தான் விளையாடுகிறேன், அம்மா சீரியல் பார்க்கும் அதே டிவி. படம் அழகாகத் தெரிய வேண்டும் என்று டிவி உள்ளுக்குள் ஏதேதோ மெருகேற்றும் வேலை செய்கிறது, அந்த வேலைக்கு நேரம் பிடிக்கிறது, அதனால் நீங்கள் பார்ப்பது ஏற்கெனவே நடந்து முடிந்த சண்டை. சீரியலுக்கு அது பெரிய விஷயம் இல்லை. டெக்கன் ஒரு நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது, ஒரு ஃப்ரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. டிவி ஐந்தாறு ஃப்ரேமை விழுங்கிவிட்டால் உங்களுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. டிவி அமைப்பில் 'கேம் மோட்' என்று இருக்கும், அதைப் போடுங்கள். நிறம் கொஞ்சம் வெளிறும், பரவாயில்லை. நான் அதைப் போட்ட அன்று இரவே, அதுவரை ஒரு தடவைகூட உடைக்க முடியாத த்ரோவை, அதாவது எதிராளி பிடித்து எறிவதை, மூன்று தடவை உடைத்தேன். கையில்தான் குறை என்று அத்தனை நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்தது நெட். வைஃபை வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேண்டிய நீளத்துக்கு லேன் கேபிளை வெட்டி முனை போட்டுக் கொடுக்கிறார்கள். ரூட்டரிலிருந்து சுவரோரமாக இழுத்துவிடுங்கள். எதிராளி வைஃபையில் இருந்தால் மேட்சை ஏற்கும் முன்பே திரையில் அடையாளம் காட்டும். நான் அவர்களோடு விளையாடுவதில்லை, நீங்களும் கூச்சப்படாமல் மறுத்துவிடுங்கள்.

கன்ட்ரோலர் பற்றி என் கருத்து: பெரிய ஆர்கேட் ஸ்டிக் எல்லாம் இப்போது வாங்காதீர்கள். கூட வந்த கன்ட்ரோலரே போதும், ஆனால் வட்டமான ஸ்டிக்கைத் தொடாமல் டி-பேடில், அதாவது நான்கு திசைப் பட்டன்களில், விளையாடுங்கள். குனிந்து பிளாக் செய்யும்போது விரல் எங்கே இருக்கிறது என்று டி-பேடில்தான் தெளிவாகத் தெரியும்.

எண்களில் மூன்று மட்டும்

ஃப்ரேம் கணக்கு என்றதும் பலர் ஓடிவிடுகிறார்கள். உண்மையில் தொடக்கத்தில் தேவைப்படுவது கொஞ்சம்தான்.

நின்றபடி போடும் இடது கைக் குத்து, அதாவது ஜேப், 10 ஃப்ரேமில் போய்ச் சேரும். எதிராளியின் அடியை நீங்கள் பிளாக் செய்த பிறகு அவன் உங்களைவிட 10 ஃப்ரேம் தாமதமாக மீண்டால் உங்கள் ஜேப் அவன் மேல் விழுந்தே தீரும், அவனால் எதுவும் செய்ய முடியாது. இதைத்தான் 'மைனஸ் 10' என்கிறார்கள். மைனஸ் 15 ஆனால் இன்னும் நல்லது: பெரும்பாலான பாத்திரங்களிடம் எதிராளியை மேலே தூக்கிவிடும் லாஞ்சர் ஒன்று 15 ஃப்ரேமில் இருக்கும், பல பேருக்கு அது கீழ்-முன் திசையோடு முக்கோணம் (நான் சொல்வதெல்லாம் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் பட்டன்கள்). குனிந்து பிளாக் செய்திருந்தால் இந்த இரண்டும் வராது, எழும்போது போடும் அடிகள்தான் வரும். எழும்போது வட்டம், அதாவது வலது காலுதை, கிட்டத்தட்ட எல்லாப் பாத்திரங்களுக்கும் 11 ஃப்ரேம்.

10, 15, குனிந்திருந்தால் 11. இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 12, 13, 14 எல்லாம் பின்னால் தானாக வந்து சேரும்.

என் பெரியப்பா வியாசர்பாடியில் இளவயதில் குத்துச்சண்டை ஆடியவர். வடசென்னையில் அந்தத் தலைமுறையில் குத்துச்சண்டை தெரியாத தெரு குறைவு. ஒரு நாள் நான் தோற்றுக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு கன்ட்ரோலரை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. "அவன் கைய வுட்டுட்டு இஸ்துக்கிறான் பாரு, அந்த கேப்புல போடுடா. நீ இன்னா, அவன் குத்தும்போதே கூடக் குத்திக்கினு இருக்க" என்றார். மைனஸ் 10 என்றால் அந்த கேப்தான்.

ட்ரெய்னிங்கில் உட்காருவது

இப்போது முக்கியமான பகுதி. பிராக்டிஸ் மோடில் எதிரே ப்ரையன் என்ற பாத்திரத்தை நிறுத்துங்கள். ஏன் ப்ரையன் என்றால் அவனிடம் 'ஸ்னேக் எட்ஜ்' என்று காலை வாரிவிடும் அடி ஒன்று இருக்கிறது. கீழ்-முன் திசையோடு எக்ஸ் பட்டன். பட்டால் தூக்கிவிடும், பிறகு முழுக் காம்போ. ஆனால் கண்ணால் பார்த்துவிட்டுக் குனிகிற அளவுக்கு மெதுவான அடி அது. குனிந்து தடுத்துவிட்டால் அவன் வெகுநேரம் மீளாமல் நிற்பான், நீங்கள் எழும்போதே லாஞ்சர் போடலாம். தொடக்க ரேங்குகளில் ப்ரையன் எடுத்தவர்களில் பாதிப் பேர் இந்த ஒரே அடியால் வாழ்கிறார்கள்.

எதிரே நிறுத்திய அந்தப் பொம்மையின் அசைவைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. ஒரு பதிவில் ஸ்னேக் எட்ஜ், இன்னொன்றில் ஏதாவது ஒரு மிட் (உடம்பின் நடுவில் விழும்) அடி, மூன்றாவதில் ஒன்றுமே செய்யாமல் சும்மா நிற்பது. மூன்றையும் மாறி மாறி வரும்படி போடுங்கள். சும்மா நிற்கும் பதிவை விட்டுவிடாதீர்கள், அது இருந்தால்தான் பதறிக் குனியும் பழக்கம் போகும். டெக்கனில் குனிந்திருப்பவனை மிட் அடிக்கும், நிற்பவனை லோ (காலில் விழும் அடி) அடிக்கும். லோ அடிகளில் பெரும்பாலானவை சின்னச் சேதம்தான், மிட்டில்தான் லாஞ்சர்கள் இருக்கின்றன. அதனால் எப்போதும் நின்றே இருங்கள், காலை வாரும் பெரிய அடியைப் பார்த்தால் மட்டும் குனியுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த இடத்தில். ஸ்னேக் எட்ஜைப் பார்க்கிறேன், குனிகிறேன், பிளாக் ஆகிறது. பட்டனை அழுத்தினால் என் ஆள் எழாமல் குனிந்தபடியே ஒரு சொத்தை உதை விடுகிறான். பத்தில் ஏழு தடவை இதே கதை. வேகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக அழுத்தினேன், பத்தில் ஒன்பது ஆனது. கடைசியில் திரையோரம் எந்தப் பட்டன் எத்தனை ஃப்ரேம் அழுத்தப்பட்டது என்று காட்டும் கமாண்ட் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது: கீழ்-பின் திசையும் வட்டமும் ஒரே வரியில் சேர்ந்து இருந்தன. என் இடது கட்டைவிரல் டி-பேடை விடவே இல்லை. எழும் அடி வர வேண்டுமானால் திசையை விட்டுவிட வேண்டும், ஆள் எழத் தொடங்கும் அந்தக் கணத்தில் பட்டன் விழ வேண்டும். முதலில் இடது விரல் எடுபட வேண்டும், பிறகு வலது விரல் இறங்க வேண்டும். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டியதும் விரல் தானாக விலகுமே, அது மாதிரி எடுங்கள். நான் வாயாலேயே 'விடு, போடு' என்று சொல்லிக்கொண்டு செய்தேன். ரொம்பத் தாமதமானால் முழுதாக நின்றுவிடுவான், அப்போது நின்றபடி போடும் உதை வரும், அதுவும் கமாண்ட் ஹிஸ்டரியில் தெரிந்துவிடும். மூன்று நாள், தினமும் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான் ஆனது. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

நின்று பிளாக் செய்து ஜேப் போடுவதில் இந்தச் சிக்கல் இல்லை, எளிதாக வந்துவிடும். பனிஷுக்கென்றே தனியாக ஒரு பயிற்சிப் பகுதியும் விளையாட்டில் இருக்கிறது. எந்தப் பாத்திரத்தின் எந்த அடிகளுக்கு எதைப் போடலாம் என்று அதுவே வரிசையாகக் கொடுக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பாத்திரம், அவனுடைய இரண்டே அடிகள். அதற்கு மேல் எடுத்தால் மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது.

மேட்சுக்குப் போனால்

வெற்றி தோல்வியை எண்ணாதீர்கள், அன்று பழகிய அந்த இரண்டு அடிகளை எத்தனை தடவை பனிஷ் செய்தீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள். நான் ஒரு தாளில் கோடு போட்டு வைத்தேன். தோற்ற மேட்சிலும் நான்கு கோடு விழுந்திருந்தால் அது நல்ல மேட்ச்.

உங்கள் அடியை அவன் பிளாக் செய்த பிறகு கை சும்மா இருக்கட்டும். பட்டன் தட்டிப் பழகிய நமக்கு இதுதான் கஷ்டம். நின்று பிளாக் செய்ய எந்தத் திசையையும் பிடிக்கக்கூட வேண்டாம், எதையும் அழுத்தாமல் நின்றாலே பிளாக் ஆகும்.

மேட்ச் முடிந்ததும் ரீப்ளே பாருங்கள். டெக்கன் 8-இல் எனக்கு ரொம்பப் பிடித்ததே இதுதான்: ரீப்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே இடையில் புகுந்து உங்கள் ஆளை நீங்களே ஆட்டலாம், இந்த இடத்தில் இதைப் போட்டிருக்கலாம் என்று அதுவே குறிப்பும் காட்டும். அடி வாங்கிய அதே நொடிக்குத் திரும்பிப் போய், அதே அடியை பிளாக் செய்து, பனிஷ் போட்டுப் பாருங்கள். வெறும் பொம்மையோடு ஒரு மணி நேரம் செலவழிப்பதைவிட இதில் பத்து நிமிடம் மேல்.

த்ரோ பற்றிச் சுருக்கமாக: சாதாரண த்ரோவை சதுரம் அல்லது முக்கோணம், எதை அழுத்தியும் உடைக்கலாம். கிங் மாதிரி பாத்திரங்களின் தனி த்ரோக்களுக்குக் கையைப் பார்க்க வேண்டும். இடது கை நீண்டு வந்தால் சதுரம், வலது கை என்றால் முக்கோணம், இரண்டு கையும் வந்தால் இரண்டும் சேர்த்து.

பாகிஸ்தானின் டெக்கன் வீரர் அர்ஸ்லான் ஆஷ் 2019-இல் ஜப்பானில் நடந்த ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியையும் அமெரிக்காவில் நடந்த ஈவோவையும் வென்றவர். அவருடைய மேட்சுகள் யூட்யூபில் கிடைக்கும். காம்போவை விட்டுவிட்டு, அவர் அடிக்காமல் நிற்கும் நேரங்களைப் பாருங்கள். பின்னால் நகர்ந்து, எதிராளியின் அடி காற்றில் போனதும் எப்படிப் போடுகிறார் என்று பாருங்கள். நம்மைப் போலவே கடைகளில் விளையாடி வளர்ந்தவர்கள் நிறைந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை உண்டு.

பிற்சேர்க்கை 1: என் டிவியில் கேம் மோடே இல்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சில டிவிகளில் எச்டிஎம்ஐ இணைப்பின் பெயரை 'பிசி' என்று மாற்றினால் அந்த மெருகேற்றும் வேலைகள் நின்றுவிடும், அதைச் செய்து பாருங்கள். அதுவும் இல்லையென்றால் படத்தை வழவழப்பாக்கும் அமைப்புகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணையுங்கள். ஒரு தம்பி பழைய கம்ப்யூட்டர் மானிட்டரில் இணைத்துவிட்டதாகச் சொன்னார், அது இன்னும் நல்லது.

பிற்சேர்க்கை 2: பிஎஸ் 4 வைத்திருப்பவர்களுக்கு டெக்கன் 8 வராது. 2017-இல் வந்த டெக்கன் 7 போதும், மேலே சொன்ன 10, 15, 11 கணக்கும் ப்ரையன் பயிற்சியும் அதிலும் அப்படியே பொருந்தும். ஃப்ரேம் எண்களைத் திரையில் காட்டும் வசதியை மட்டும் அதில் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ரீப்ளேயில் புகுந்து ஆடுவதும் அதில் கிடையாது.

பிற்சேர்க்கை 3: பெரம்பூரிலிருந்து ஒருவர், ட்ரெய்னிங்கில் வருகிறது, மேட்சில் பாதி நேரம் வரவில்லை என்று எழுதியிருந்தார். அவர் அனுப்பிய ரீப்ளேயைப் பார்த்தேன். தவறியதெல்லாம் அவர் திரையின் வலது பக்கம் இருந்தபோதுதான். பக்கம் மாறினால் முன்னும் பின்னும் மாறிவிடும், கட்டைவிரல் வேறு மாதிரி உருள வேண்டும். நானும் இடது பக்கத்தில் மட்டுமே பழகியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ட்ரெய்னிங்கில் இடம் மாற்றிக்கொண்டு அதே 'விடு, போடு'வைத் திரும்பத் தொடங்குங்கள். இன்று காலை வலது பக்கத்தில் இருபது தடவை போட்டேன், பதினாறு விழுந்தது.