பதில் தாமதிக்கும்போது ஜெபிப்பது எப்படி: 13ஆம் சங்கீதம் காட்டும் வழி

நீண்ட நாள் கேட்டும் கிடைக்காத ஒன்றுக்காக மறுபடியும் முழங்காற்படியிடும்போது, தேவன் நல்லவர் என்று வாய் சொன்னாலும் மனம் சேர்ந்து சொல்வதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களில் ஒன்றான, தாவீதின் 13ஆம் சங்கீதத்தைத் திறந்துவைத்து ஜெபியுங்கள். ஆறே வசனங்கள்தான்.

முதலில் முறையீட்டைச் சொல்லுங்கள். தாவீது “எதுவரைக்கும்” என்று நான்கு முறை கேட்ட பிறகே வேண்டுதலுக்கு வருகிறார். துக்கத்தை மறைத்துவிட்டுத் துதியோடுதான் ஜெபத்தைத் தொடங்க வேண்டும் என்றும், முறையிடுவது அவிசுவாசம் என்றும் சிலர் போதிக்கிறார்கள். நோயோடும் கடனோடும் போராடுகிறவர்கள்மேல் அது சுமத்தும் பாரம் பெரியது, வேதம் அதைச் சுமத்தவில்லை. “என்னை மறந்திருப்பீர்” என்று தாவீது கர்த்தரிடத்திலேயே சொல்கிறார் அல்லவா? செவிகொடுக்கிற தேவன் நல்லவர் என்ற எண்ணம் எங்கோ உள்ளே இருப்பதனால்தான் ஒருவர் அவரிடமே போய் முறையிடுகிறார். ஆகையால் உங்கள் “எதுவரைக்கும்” எதுவோ, அதை வேலை, பிள்ளை, மருத்துவ அறிக்கை என்று பெயர் சொல்லியே கூறுங்கள்.

அடுத்து, வேண்டியதை நேராகக் கேளுங்கள். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு “அப்பா பிதாவே” என்று அழைத்து, தமக்கு முன்னிருந்த பாடுகளாகிய பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று வெளிப்படையாகக் கேட்ட பின்னரே, பிதாவின் சித்தத்திற்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். கேட்காமலே “உம்முடைய சித்தம்” என்று முடித்துவிடுவது பல வேளைகளில் ஏமாற்றத்திற்குப் பயந்து நாம் தேடும் ஒதுக்கிடமாகிவிடுகிறது. அப்பம் கேட்கும் மகனுக்குத் தகப்பன் கல்லைக் கொடுப்பானோ என்று மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் இயேசு கேட்கும் கேள்வியை இந்த இடத்தில் சத்தமாக வாசித்துவிட்டுக் கேட்பது எனக்குத் துணையாக இருந்திருக்கிறது.

ஐந்தாம் வசனத்தில்தான், “நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்” என்கிறார் தாவீது. அவர் முறையிட்ட சத்துரு விலகியதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. கர்த்தர் தமக்கு நன்மை செய்தார் என்ற நினைவே அவரைப் பாடவைக்கிறது. எனவே ஒரு குறிப்பேட்டில் தேவன் உங்களுக்குச் செய்த நன்மைகளைத் தேதியோடு எழுதிவைத்து, அவற்றில் ஒன்றையாவது ஒவ்வொரு ஜெபத்திலும் வாய்விட்டு நன்றியாகச் சொல்லுங்கள்.

“இல்லை” என்பதே பதிலாக வந்தால்? அப்போஸ்தலனாகிய பவுல், தம் மாம்சத்திலிருந்த முள் என்று தாம் சொன்ன ஓர் உபத்திரவம் நீங்கும்படி கர்த்தரிடம் மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற வார்த்தை கிடைத்தது. அதைக் கேட்டபோது அவருக்கு வலி நின்றுவிட்டது என்று 2 கொரிந்தியர் 12ஆம் அதிகாரம் சொல்லவில்லை என்பதை மனதில் வையுங்கள்.

ஐந்தாம் வசனத்தைச் சொல்ல நா எழாத இரவும் வரும். அன்றைக்கு நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபமாகவே வேதத்தில் இருக்கிறது. மறுநாள் 13ஆம் சங்கீதத்தை முதல் வசனத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.