இறந்துபோன தன்பாலீர்ப்புள்ள நண்பனைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறீர்களா?

பாதி பேட்டி, பாதி நடிப்பு என்று கலந்து எடுக்கும் ஆவணப்படத்தில் எதை நடிக்க வைப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். என்னைக் கேட்டால், பேசும் வார்த்தைகள் முழுக்க நிஜமாக இருக்கட்டும், வீடும் ஊரும் நடக்கவே விடாத காட்சிகளை மட்டும் நடித்து எடுங்கள்.

உதாரணத்துக்கு, செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் முன்னோருக்குப் படைப்பு போடுவார்கள், புது வேட்டி சேலை வைத்துக் கும்பிடுவார்கள். செத்துப்போன பையனின் காதலனுக்கு அங்கே என்ன இடம் இருக்கும்? துக்க வீட்டிலேயே 'கூடப் படிச்ச பையன்' என்று முகப்போடு நின்றிருப்பான். படத்தில் அவனே ஒரு வேட்டியை மடித்து வைக்கட்டும். முகம் வேண்டாம், கை போதும். 'இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்' என்று நீங்கள் சொல்வதையும் வெட்டாமல் விடுங்கள், இது நடிப்பு என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

படம் எடுக்க அப்படி ஒரு வீடு கேட்கும்போது கவனம். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள், ஒருவர் சரி என்றால் போதாது. என்ன படம் என்பதை மறைக்காதீர்கள், யார் கதை என்பதை மட்டும் சொல்ல வேண்டாம். பேட்டியை வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில் வைக்காதீர்கள்: ஆத்தங்குடிக் கல் தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் குரலை எதிரொலித்துக் குழப்பிவிடும். உள்ளே ஒரு சின்ன அறையில் ஜமுக்காளம் விரித்து, மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். யாரும் பேசாத அறைச் சத்தத்தையும் ஒரு நிமிடம் எடுத்து வையுங்கள், எடிட்டிங்கில் ஒட்டு தெரியாமல் இருக்க அதுதான் கைகொடுக்கும்.

அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு பற்றி 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, ஒரே பாலைச் சேர்ந்த வயதுவந்த இருவர் மனமொத்துச் சேர்வது குற்றமில்லை. ஆனால் வீட்டுப் பயம் அப்படியே இருக்கிறது. இறந்தவன் தன்னைப் பற்றி வீட்டில் சொல்லியிருந்தானா என்று விசாரியுங்கள். சொல்லவில்லை என்றால் பெயர், ஊர், கல்லூரி எல்லாவற்றையும் மாற்றுங்கள், நகரத்தார் பிரிந்திருக்கும் ஒன்பது கோயிலில் எந்தக் கோயில் என்பதைக்கூட விட்டுவிடுங்கள், அது தெரிந்தாலே இங்கே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குரல் அடையாளம் காட்டும் என்றால் அதே வார்த்தைகளை வேறொரு நண்பர் பேசட்டும்.

பேசும்போது ஒருவர் உடைந்து அழுதால் கேமராவை நிறுத்துங்கள். அந்த அழுகை படத்துக்கு வேண்டாம். அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணையும் கொடுத்து வையுங்கள், எந்த நேரமும் கூப்பிடலாம்.

எடிட் முடிந்ததும் பேசியவர்களுக்குத் தனித்தனியாகப் போட்டுக் காட்டுங்கள். யாராவது வேண்டாம் என்றால் அவர் பகுதியை எடுத்துவிட முடிய வேண்டும், அதனால் ஒருவர் பேச்சை மட்டுமே நம்பிப் படத்தைக் கட்டாதீர்கள்.