புகாரைப் பதிய மறுத்தால்: முதல் தகவல் அறிக்கை பெறுவதற்கான வழிமுறை

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில், காவல் நிலையத்தில் புகாரைப் பதிவது பற்றிய 154ஆவது பிரிவு வகித்த இடத்தை இப்போது 173ஆவது பிரிவு வகிக்கிறது. சட்டம் மாறினாலும், பாதிக்கப்பட்டவர் முதலில் சந்திக்கும் இடையூறு பெரும்பாலும் பழையதுதான்: புகாரைக் கேட்கிறார்கள், ஆனால் பதிவதில்லை. அந்த நிலையில் செய்ய வேண்டியவற்றை, குறிப்பாகத் தமிழ்நாட்டு வாசகர்களை மனத்தில் கொண்டு, இங்கே விளக்குகிறேன்.

முதல் வேலை புகாரை எழுதுவது. எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொன்னால், அதை அதிகாரி எழுதிப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும் என்றே சட்டம் கூறுகிறது. ஆயினும் முடிந்தவரை நீங்களே எழுதிக்கொண்டு செல்வது நல்லது. நாள், நேரம், இடம், நடந்தவை, தெரிந்தால் எதிராளிகளின் பெயர், நேரில் கண்டவர்கள், காயம் அல்லது இழப்பு ஆகியவற்றை நடந்த வரிசையில் எழுதுங்கள். சட்டப் பிரிவுகளைக் குறிப்பிடுவது உங்கள் பொறுப்பு அன்று. புகார் கொடுக்கத் தாமதமாகியிருந்தால் அதற்கான காரணத்தைத் தவறாமல் எழுதுங்கள். பின்னாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகவே இருக்கும்.

பண மோசடிப் புகார்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. “இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்” என்று திருப்பியனுப்பப்படுவோர் ஏராளம். கடன் திரும்பி வரவில்லை என்று மட்டும் எழுதினால் அந்தப் பதிலுக்கு இடம் கொடுத்தவர்கள் ஆவோம். போலி ஆவணம் காட்டியது, ஏற்கெனவே விற்ற மனைக்கு மீண்டும் முன்பணம் வாங்கியது என, பணம் பெற்ற நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டும் உண்மைகள் இருக்குமானால் அவற்றையே முன்னிறுத்துங்கள்.

“எங்கள் எல்லையில் நடக்கவில்லை” என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. குற்றம் எங்கு நடந்திருந்தாலும், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலைப் பெற வேண்டும் என்று 173ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம். ஆனால் மூன்று நாள்களுக்குள் அதில் கையொப்பமிட வேண்டும்.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகாருக்குச் சி.எஸ்.ஆர். ரசீது தரும் வழக்கம் உண்டு. அதைப் பெற்றதுமே வழக்குப் பதிவாகிவிட்டது எனப் பலர் நிம்மதியடைகிறார்கள். அது மனு வந்து சேர்ந்ததற்கான சான்று மட்டுமே. முதல் தகவல் அறிக்கை ஆகாது. எனினும் அதை வாங்காமல் திரும்பாதீர்கள். புகார் கொடுக்கப்பட்டது, இன்ன நாளில் கொடுக்கப்பட்டது என்பதற்கு அதுவே உங்கள் கையிலுள்ள முதல் ஆதாரம். அடுத்த படிகள் எல்லாம் அதன் மீதே நிற்கின்றன.

உத்தரப் பிரதேசத்தில் கடத்தப்பட்ட சிறுமி ஒருத்தியின் தந்தை தொடுத்த லலிதா குமாரி வழக்கில், 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைப் புகார் வெளிப்படுத்துமானால் பதிவது கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு, ஊழல் போன்றவற்றில் மட்டும், பதிவதற்கு முன் முதல்கட்ட விசாரணைக்கு இடமளித்தது. புதிய சட்டமோ, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியுடன், 14 நாள்களுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது. தீர்ப்பு இறுக்கிய கதவைச் சட்டம் சற்றுத் தளர்த்திவிட்டது என்பதே என் கருத்து. ஆகவே விசாரணை நடப்பதாகச் சொன்னால், அந்த அனுமதி பெறப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் புகார்களுக்கு முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்று அச்சட்டத்தின் 18ஏ பிரிவு கூறுகிறது.

பதிய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். மாநகரமாக இருந்தால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அஞ்சல் ரசீதையும், சேர்ப்பிக்கப்பட்டதற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அங்கும் பலனில்லையெனில், புதிய சட்டத்தின் 175(3) பிரிவின்கீழ் குற்றவியல் நடுவரிடம் பிரமாணப் பத்திரத்துடன் மனு செய்யலாம். கண்காணிப்பாளருக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா என்பதை நடுவர் பார்ப்பார். அந்தப் படியைத் தாண்டி நேரே வரும் மனுக்கள் தள்ளுபடியாக வாய்ப்புண்டு. வழக்கறிஞர் அமர்த்த வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானத்தைக் கணக்கில் கொள்ளாமலேயே இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

பதிவானதும் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெற்று, நீங்கள் எழுதிக் கொடுத்தவை விடுபடாமல் இருக்கின்றனவா என்று அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள். புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாள்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையை 193ஆவது பிரிவு காவல்துறைக்கு விதித்திருக்கிறது. அந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, தகவல் வராவிட்டால் எழுத்து மூலம் கேளுங்கள்.